சுண்டெலியின் பாதமும் சின்னத் தாத்தாவின் விரல்களும்

டி.டி.எச். என்றதும் மொட்டை மாடியில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் குடைதானே உங்களுக்கு ஞாபகம் வருகிறது? போன வருடம் வரை எனக்கும் அப்படித்தான். இப்போது அந்த மூன்று எழுத்தைக் கேட்டால் ஒரு சுண்டெலியின் பின்னங்கால்தான் கண்முன் நிற்கிறது. எங்கள் பாடத்தில் அதன் விரிவு, டிலேய்ட் டைப் ஹைப்பர்சென்சிட்டிவிட்டி. தமிழில் தாமத மிகையுணர்வு என்று சொல்லலாம்.

பெயரைக் கேட்டு ஓடிவிடாதீர்கள். விஷயம் ரொம்பச் சுலபம். உடம்புக்குள் அந்நியப் பொருள் ஒன்று வருகிறது. சில சமயம் உடம்பு நிமிடங்களில் கத்த ஆரம்பித்துவிடும். இறால் சாப்பிட்டதும் சிலருக்கு உதடு வீங்குவது அந்த வகை. இன்னொரு வகை இருக்கிறது. பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு வந்து ரகளை பண்ணும் பங்காளி மாதிரி, ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் வரும். ஆனால் வந்தால் பலமாக வரும். காசநோய் இருக்கிறதா என்று பார்க்க முன்கையில் ஊசி போட்டு, "ரெண்டு நாள் கழிச்சு வந்து காட்டுங்க" என்று அனுப்புவார்களே, அந்த மான்டூ டெஸ்ட் இந்த வகைதான். இரண்டு நாள் கழித்து அந்த இடம் தடித்துச் சிவந்திருந்தால், உடம்பு அந்தக் கிருமியின் சரக்கை முன்பே பார்த்துப் பழகியிருக்கிறது என்று அர்த்தம்.

என் புரொஜெக்ட் இதில்தான். சீந்தில் கொடியின் சாறு சுண்டெலியின் எதிர்ப்பு சக்தியை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். பார்மகாலஜி படிக்கிறவர்களுக்குத் தெரியும், நம் ஊரில் மூலிகை புரொஜெக்ட் என்றால் பாதிக்குப் பாதி இந்தச் சோதனையாகத்தான் இருக்கும். முடிவு என்ன என்று கேட்காதீர்கள். வைவா முடியும் வரை மூச்சு விடக் கூடாது என்று கைடு சொல்லியிருக்கிறார் :-)

சோதனைக்கு முதலில் தேவை செம்மறி ஆட்டு ரத்தம். சுண்டெலிக்கு ஆட்டின் சிவப்பணு முழுக்க முழுக்க அந்நியம். ஆனால் அது கிருமி இல்லை, நோய் தராது. அதனால்தான் பல பத்தாண்டுகளாக உலகம் முழுக்க இதையே பயன்படுத்துகிறார்கள். விடியற்காலை ஐந்து மணிக்குக் கறிக்கடையில் போய் பாட்டிலை நீட்டினால், பாய் கேட்ட முதல் கேள்வி: "பொரியலுக்கா பாப்பா?" இல்லை பாய், காலேஜுக்கு என்றேன். வெள்ளாடு வேண்டாம், செம்மறிதான் வேண்டும் என்றதும் அவர் பார்த்த பார்வை இருக்கிறதே! பாட்டிலில் ஏற்கெனவே இருந்த தண்ணீர் மாதிரியான திரவம் ஆல்சிவர் கரைசல், ரத்தம் உறையாமல் இருப்பதற்கு. அதை விளக்குவதற்குள் அடுத்த ஆடு வந்துவிட்டது.

ரத்தத்தை உப்புக் கரைசலில் மூன்று முறை கழுவி, சிவப்பணுக்களை எண்ணி, சுண்டெலியின் வயிற்றுக்குள் ஊசியால் செலுத்துவோம். இது அறிமுகம். ஏழாம் நாள் இரண்டு கேள்விகள் கேட்போம்.

முதல் கேள்வி ஆன்டிபாடி பற்றியது. பாடப்புத்தகத் தமிழில் எதிர்ப்பொருள். மயக்க மருந்து கொடுத்து, சுண்டெலியின் கண்ணோரத்திலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து, சீரத்தைப் பிரித்து, 56 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்குவோம். பிறகு குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் அதைப் பாதிப் பாதியாக நீர்த்துக்கொண்டே போய், ஒவ்வொரு குழியிலும் ஆட்டுச் சிவப்பணுவைச் சேர்ப்போம். ஆன்டிபாடி இருந்தால் அணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு குழியின் அடியில் பாய் விரித்த மாதிரி பரவும். இல்லையென்றால் உருண்டு போய் நடுவில் சட்டைப் பொத்தான் மாதிரி சிவப்பாக உட்காரும். எத்தனை மடங்கு நீர்த்த பிறகும் பாய் விரிகிறதோ அதுதான் டைட்டர். 64, 128, 256 என்று போகும்.

இரண்டாவது கேள்வி டி.டி.எச். பற்றியது. அதே நாளில் சுண்டெலியின் ஒரு பின்னங்கால் பாதத்தில் கொஞ்சம் ஆட்டுச் சிவப்பணுவையும், இன்னொரு பாதத்தில் வெறும் உப்புக் கரைசலையும் போடுவோம். 24 மணி நேரம் கழித்து இரண்டு பாதங்களின் தடிமனையும் காலிப்பரால் அளப்போம். ஏன் 24 மணி? மூன்று நான்கு மணி நேரத்தில் வரும் வீக்கத்தில் ஆன்டிபாடியின் கைவரிசை இருக்கும். ஒரு நாள் தாண்டியும் நிற்கும் வீக்கம்தான் டி-செல்களின் வேலை. பழகிய டி-செல்கள் அங்கே வந்து சேர்ந்து, காமா இன்டர்ஃபெரான் போன்ற சமிக்ஞைகளை விட்டு, மேக்ரோபேஜ் என்ற விழுங்கும் செல்களைக் கூட்டி உசுப்பிவிட இவ்வளவு நேரம் ஆகிறது. வித்தியாசம் மில்லிமீட்டரில் பத்தில் சில பங்குதான். அதற்குத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அளப்போம்.

ஒரே எலி, ஒரே ஆட்டு ரத்தம். எதற்கு இரண்டு தனித்தனிச் சோதனை? ஆரம்பத்தில் எனக்கும் இது வீண் வேலையாகத்தான் பட்டது. பழைய கட்டுரைகளைப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் விஷயமே அங்கேதான் இருக்கிறது என்று தெரிந்தது.

ரத்த வகைகளைக் கண்டுபிடித்த கார்ல் லாண்ட்ஸ்டெய்னரை எல்லோருக்கும் தெரியும். அவரும் மெரில் சேஸும் 1942-ல் கினிப் பன்றிகளில் ஒன்றைக் காட்டினார்கள். தாமத மிகையுணர்வு உள்ள விலங்கின் சீரத்தை எடுத்து இன்னொன்றுக்குக் கொடுத்தால் அந்த உணர்வு போய்ச் சேர்வதில்லை. செல்களை எடுத்துக் கொடுத்தால் போய்ச் சேர்கிறது. அதாவது இந்த நினைவு சீரத்தில் மிதக்கும் ஆன்டிபாடியில் இல்லை, செல்களில் இருக்கிறது. எதிர்ப்பு சக்தி என்று நாம் ஒருமையில் சொல்வது உள்ளே குறைந்தது இரண்டு படைப்பிரிவுகள்.

அடுத்த ஆச்சரியம் 1974-ல். லக்ராஞ்ஜ், மக்கானஸ், மில்லர் என்ற மூவர் நாங்கள் செய்வது போலவே சுண்டெலியும் ஆட்டுச் சிவப்பணுவும் வைத்துப் பார்த்தார்கள். ரத்தக் குழாய் வழியாகச் சுமார் ஒரு லட்சம் அணுக்கள் என்ற சின்ன அளவு கொடுத்தால் எலிக்குப் பாதம் நன்றாக வீங்கியது. அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம் கொடுத்தபோது ஆன்டிபாடி எக்கச்சக்கமாக வந்தது, பாத வீக்கமோ அடங்கிப் போனது. அதே எலி இனம், அதே பொருள்தான். அளவு மாறியதும் உடம்பு வேறு பாதையில் திரும்பிவிட்டது.

இதற்கு ஒரு விளக்கம் 1986-ல் கிடைத்தது. சுண்டெலியின் உதவி டி-செல்களில் இரண்டு வகை இருப்பதை மோஸ்மனும் காஃப்மனும் காட்டினார்கள். ஒன்று டி.எச்.1, காமா இன்டர்ஃபெரான் சுரப்பது. இன்னொன்று டி.எச்.2, இன்டர்லூக்கின்-4 சுரப்பது. அடுத்த வருடமே, பாதத்தை வீங்க வைப்பது டி.எச்.1 வகைதான் என்பதும் சுண்டெலியில் நிரூபணமானது. ஒரு வகை ஓங்கினால் இன்னொன்றை அமுக்கப் பார்க்கும். இன்றைக்கு இந்தப் படம் இவ்வளவு சுத்தமாக இல்லை. டி.எச்.17, அடக்கி வைக்கும் டி-செல்கள் என்று புதுப்புது ஆட்கள் வந்துவிட்டார்கள். டி.எச்.1 கூடச் சில வகை ஆன்டிபாடிக்கு உதவுகிறது. இரண்டும் சேர்ந்தே ஏறுவதும் உண்டு. ஆனால் ஒன்றின் எண்ணை வைத்து இன்னொன்றைச் சொல்ல முடியாது என்பது மட்டும் மாறவில்லை.

2020-ல் நாம் எல்லோரும் கபசுரக் குடிநீருக்கு வரிசையில் நின்றோம். அப்போதிலிருந்து ஹார்லிக்ஸ் மாதிரி டப்பாவில் வருவது முதல் பிஸ்கட் வரை எல்லாமே "எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்". புரொஜெக்ட் செய்கிறேன் என்று தெரிந்ததிலிருந்து சொந்தக்காரர்களும் அதையே கேட்கிறார்கள். "சீந்தில் சாப்பிட்டா எதிர்ப்பு சக்தி கூடுமாடி?" திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி, எது கூடுமா என்பதுதான். டைட்டரா, வீக்கமா? எந்தக் கிருமிக்கு? கூடினால் நல்லதா? இந்தக் கடைசிக் கேள்வி கொஞ்சம் விபரீதமாகத் தெரியலாம். எனக்கு அதற்கான பதில் எங்கள் வீட்டிலேயே இருந்தது.

சின்னத் தாத்தா என் தாத்தாவின் தம்பி. செய்யாறு பக்கம் கிராமத்து வீட்டில் பின்கட்டில் தனியாக இருந்தார். அவருடைய வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்ளங்கையை நோக்கி மடங்கியே இருக்கும். சாப்பாடு தனித் தட்டில், காபி தனி எவர்சில்வர் டம்ளரில். எங்களை அவர் தூக்கி நான் பார்த்ததில்லை. பாட்டி அந்த நோயின் பெயரைச் சொல்லவே மாட்டார், "அவருக்கு உடம்பு" என்பதோடு நிறுத்திக்கொள்வார். ஊர் அதைப் பெருவியாதி என்றது. அரசாங்கம் தொழுநோய் என்றது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு முடித்திருந்தார். "மருந்து சாப்பிட்டும் விரல் நிமிரலையே, அப்போ சரியாகலைன்னுதானே அர்த்தம்?" என்பது வீட்டில் உள்ளவர்களின் கணக்கு. நான் ஒன்பதாவது படிக்கும்போது இறந்து போனார்.

டி.டி.எச். பற்றிப் படிக்கப் போன இடத்தில் தொழுநோய் வந்து நின்றது. எதிர்ப்பு சக்தி இரண்டாகப் பிரிவதை மனித உடம்பில் இவ்வளவு தெளிவாகக் காட்டும் நோய் வேறு இல்லை என்றே சொல்லலாம். இந்தக் கிருமி செல்களுக்கு உள்ளே ஒளிந்து வாழ்வது. ஆன்டிபாடியால் அங்கே போய்ப் பிடிக்க முடியாது. ரிட்லியும் ஜோப்ளிங்கும் 1966-ல் நோயாளிகளை ஐந்து படிகளில் வரிசைப்படுத்தினார்கள். ஒரு கோடியில் இருப்பவர்களுக்கு ரத்தத்தில் ஆன்டிபாடி ஏராளம், ஆனால் டி-செல் எதிர்வினை கிட்டத்தட்ட இல்லை. லெப்ரோமின் என்ற தோல் சோதனை அவர்களுக்குத் தடிக்காது. உடம்பெங்கும் கிருமி கோடிக்கணக்கில் பெருகும். மறு கோடியில் ஆன்டிபாடி குறைவு, டி-செல் எதிர்வினை பலம். கிருமி தேடினாலும் கிடைப்பது அரிது. உடம்பில் ஒன்றிரண்டு தேமல்தான், அதுவும் உணர்ச்சி இல்லாத தேமல்.

இரண்டாவது கோடிக்காரர்கள் ஜெயித்தவர்கள் என்றுதானே நினைப்போம்? பாதிதான். கிருமி நரம்பைச் சுற்றியுள்ள செல்களுக்குள் ஒளிந்திருக்கிறது. அதைத் தேடி வரும் படை நரம்புக்குள்ளேயே சண்டை போடுகிறது. சுண்டெலியின் பாதத்தில் நாங்கள் காலிப்பரால் அளக்கும் அதே வகை வீக்கம், ஒரு குறுகிய உறைக்குள் இருக்கும் நரம்பில் வந்தால் நரம்பு நசுங்கும். முழங்கையை எங்கேயாவது இடித்துக்கொண்டால் சுர்ரென்று கரண்ட் அடிக்குமே, அந்த நரம்புதான் பலருக்கும் முதலில் போகும். அது போனால் மடங்குவது சுண்டுவிரலும் மோதிரவிரலும். மருந்து ஆரம்பித்த பிறகும் இந்த வீக்கம் திடீரென்று கிளம்பலாம். சீக்கிரம் கண்டுபிடித்து பிரெட்னிசலோன் கொடுத்தால் நரம்பைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. காலம் கடந்தால் விரல் மடங்கியது மடங்கியதுதான்.

எங்களுக்கு வகுப்பெடுக்க வந்த தோல் மருத்துவர் ஒருவரிடம் சின்னத் தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். முழங்கைக்கு மேல் ஒரே ஒரு தேமல், இரண்டு விரல், ஆறு மாத மாத்திரை. "பார்க்காத நோயாளியைப் பற்றி உறுதியாகச் சொல்ல மாட்டேன்மா. ஆனா நீ சொல்றதை வெச்சுப் பார்த்தா அவர் கிருமி குறைஞ்ச வகை. அவர்கிட்டேர்ந்து யாருக்கும் ஒட்டியிருக்க வாய்ப்பு ரொம்ப ரொம்பக் கம்மி. அந்த மாத்திரையோட நோய் முடிஞ்சுபோச்சு. விரல், சண்டை நடந்த இடத்துல மிஞ்சின தழும்பு" என்றார்.

அந்த டம்ளர் எத்தனை வருடம் தனியாகக் கவிழ்ந்து கிடந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிறகு போடவில்லை.

அவர் சாப்பிட்ட மாத்திரைக்குப் பின்னாலும் சுண்டெலியின் பாதம் இருக்கிறது என்பது எனக்குக் கடைசியாகத் தெரிந்த விஷயம். தொழுநோய்க் கிருமியை ஹான்சன் 1873-லேயே பார்த்துவிட்டார். ஆனால் அதை லேபில் எந்தக் கூழிலும் வளர்க்க முடியவில்லை. இன்றுவரை முடியவில்லை. வளர்க்க முடியாத கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்று எப்படிப் பார்ப்பது? 1960-ல் அமெரிக்காவின் சார்லஸ் ஷெப்பர்ட், சில ஆயிரம் கிருமிகளைச் சுண்டெலியின் பாதத்தில் போட்டால் சில மாதங்களில் அவை பெருகுகின்றன என்று காட்டினார். உடம்பின் மற்ற இடங்களைவிடப் பாதம் குளிர்ச்சி, கிருமிக்கு அதுதான் பிடிக்கும். டாப்சோன் மட்டும் சாப்பிட்டு வந்த சிலருக்குக் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிட்டது என்பது 1964-ல் உறுதியானது எலிப் பாதத்தில். ரிஃபாம்பிசின் இந்தக் கிருமியை வேகமாகக் கொல்கிறது என்று 1970-ல் தெரிந்ததிலும் எலிப் பாதத்துக்குப் பங்கு உண்டு. 1981-ல் உலக சுகாதார நிறுவனத்தின் குழு கூட்டு மருந்தைப் பரிந்துரைத்ததற்கு அடித்தளம் இதெல்லாம்தான்.

எங்கள் சோதனை முடிந்ததும் எலிகளைக் கொன்றுவிடுவோம். குழுவுக்கு ஆறு. நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்ட முறையில்தான், வலி தெரியாமல்தான். ரிஜிஸ்டரில் அதற்கு எழுதும் வார்த்தை "சாக்ரிஃபைஸ்டு". பலி கொடுக்கப்பட்டது. எங்கள் ஊரில் பலி கொடுத்தால் யாருக்கு, எதை வேண்டிக்கொண்டு என்று பூசாரிக்குத் தெரிந்திருக்கும். இங்கே வேண்டுதல் என்ன? பல நாள் அந்தப் பக்கத்தை நிரப்பும்போது எனக்குப் பதில் தெரியாது. "டிகிரிக்காக" என்றுதான் தோன்றும். அது போதாது. இப்போதும் முழுப் பதில் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் காலிப்பரை இன்னும் கவனமாகப் பிடிக்கிறேன். ஒரு எலியின் அளவு குழுவோடு ஒத்துவரவில்லை என்றால் அதை விட்டுவிட மனம் வருவதில்லை. தப்பாக அளந்தால் அந்த உயிர் எதற்கும் இல்லாமல் போய்விடும்.

தொழுநோயை நாம் பழைய கதை என்று நினைக்கிறோம். 2005 டிசம்பரில், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அளவை இந்தியா தேசிய அளவில் எட்டியது உண்மைதான். ஆனால் 2022-23-ல் கூட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. வாழ்க்கைத் துணைக்குத் தொழுநோய் என்பதை விவாகரத்துக்கான காரணமாக வைத்திருந்த சட்டங்கள் திருத்தப்பட்டது 2019-ல்தான். யோசித்துப் பாருங்கள், நேற்று மாதிரி.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருந்து, அதைத் தொட்டால் உணர்ச்சி கம்மியாக இருந்தால், எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். மருந்து இலவசம். மருந்து சாப்பிடும்போது கை கால் மரத்தாலோ, பழைய தேமல் திடீரென்று சிவந்து வீங்கினாலோ அன்றைக்கே போங்கள். அது மருந்து வேலை செய்யாததால் இருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் சொந்தப் படை நரம்புக்குள் புகுந்த சத்தமாக இருக்கலாம்.

போன மாதம் ஊருக்குப் போனபோது பாட்டிக்கு இதையெல்லாம் எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். கிருமி அவர் விரலை மடக்கவில்லை பாட்டி, கிருமியோடு சண்டை போட்டதில் மடங்கிப் போச்சு, அவர் உடம்பு ஜெயிச்ச உடம்பு என்றேன். பாட்டி ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இதை அவர் இருக்கும்போது வந்து சொல்ல யாரும் இல்லாமப் போயிட்டாங்களே" என்றார்.